நீ யாரைக் கண்ணு என்றாய்

அதற்காக, அந்த ஆஸ்பத்திரிச் சிஸ்டரைப் போய் நீ கண்ணு என்று கூப்பிட்டிருக்க வேண்டாம் அக்கா. பாப்பா என்று கூப்பிட்டிருக்கலாம். தாயே என்றிருக்கலாம். ஒன்றும் வாயில் வராவிட்டால் கட்டில் கம்பியைத் தட்டியிருக்கலாம். அந்த நிலைமையிலும் கண்ணு என்றுதான் வர வேண்டுமா உனக்கு?

இன்றைக்குக் கிருத்திகை. காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, விளக்குக்குத் திரி திரிக்க உட்கார்ந்தேன். பஞ்சைப் பிய்த்து, விரல் நுனியைச் செம்புத் தண்ணீரில் தொட்டு உருட்டுகிறேன், ஈரம் கொஞ்சம் கூடிவிட்டது. பஞ்சு திரியாகாமல் விரலோடு தட்டையாக ஒட்டிக்கொண்டது. உடனே உன் முகம் வந்துவிட்டது. முழு முகமல்ல. மூடிய கண்கள் இரண்டின்மேல் வட்டமாகக் கத்தரித்து, நனைத்து வைத்திருந்த பஞ்சு. எத்தனையோ கிருத்திகைக்குத் திரி திரித்தாயிற்று, எல்லா நாளும் இப்படி வருவதில்லை. இன்றைக்கு வந்தது. விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, பேரனிடம் தாள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனவர் நின்று பார்த்தார்.

"ஆருக்குக் கடுதாசி?"

"அக்காளுக்குங்க."

"வெலாசம் தெரியுமா?"

"தெரிஞ்சா நேர்லயே போயிச் சண்ட போட்டுட்டு வந்துருவனுங்களே."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். சண்டைதான் அக்கா இது. நான் உனக்கு என்ன எழுதினாலும் அதில் ஒரு சண்டை இருக்கும். உனக்குத் தெரிந்ததுதானே.

நம் ஊர்ப்பக்கம் சின்னவர்களைக் கண்ணு என்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் நீ அதை வாரி இறைத்தாய். கம்பெனியில் உன்னோடு வேலை செய்த பெண்கள் கண்ணு. சீட்டுக் கிழிக்கும் கண்டக்டர் கண்ணு. பால் ஊற்ற வருகிறவன் கண்ணு. எங்கள் வீட்டுக்கு வந்தால் தொழுவத்தில் நிற்கிற கன்றுக்குட்டியிடம் போய், "நல்லாருக்கறயா கண்ணு" என்று தாடையைச் சொறிந்துவிட்டு, அப்புறம் திரும்பி என்னிடம், "சௌக்கியமுங்களா அம்மிணி" என்பாய். கன்றுக்குட்டிக்குக் கிடைத்தது எனக்கு இல்லை.

முன்பு எனக்கும் இருந்தது. மூலனூர்ப் பக்கம் நம் தோட்டத்தில் முருங்கைக்காய் பறிக்கப் போகும்போது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போவாய். "இறங்கி நட கண்ணு, இடுப்பு ஒடியுது" என்பாய், இறக்கிவிட மாட்டாய். அந்தக் கண்ணு என் கல்யாணத்தோடு போயிற்று. உன்னைக் கொடுத்தது ஒற்றை ஏர் வீட்டுக்கு. என்னைக் கொடுத்தது நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் கிணறும் தோட்டமுமாக இருந்த வீட்டுக்கு. மறுவீட்டுக்கு வந்த அன்றே உன் வாயில் வாங்க போங்க வந்துவிட்டது. தங்கை நான் உன்னை நீ என்கிறேன், அக்கா நீ என்னை நீங்க என்கிறாய். உலகத்தில் எங்காவது உண்டா?

ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஏனக்கா, என்னயப் போயி வாங்க போங்கங்கறயே, நான் என்ன மிராசுதாரிச்சியா?"

"பெரிய ஊட்டுக்குப் போயிட்டீங்க அம்மிணி. நாலு பேரு முன்னால நான் வா போன்னா உங்களுக்குக் கொறச்சலுங்க."

"நாலு பேரு இல்லாதப்ப?"

"நாக்குக்குப் பழகிப்போச்சுங்க" என்று சிரித்தாய்.

உனக்குச் சிரிப்பு. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மச்சான் போன பிறகு, பிள்ளை குட்டி இல்லாத நீ என்னோடு வந்து இருப்பாய் என்று ஓர் அறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்தேன். நீ வரவில்லை. திருப்பூரில் லைன் வீடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போனாய். தைத்து வருகிற பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கி, துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. அதற்குக் கண் வேண்டும். உன் கண்ணை அந்தக் கம்பெனியே பேசிற்று. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பனியனை உதறினால், இந்தப் பக்கமிருந்தே, "அக்குள்கிட்ட ஒரு ஓட்டை போவுது பாரு கண்ணு" என்பாயாம்.

ஒரு தடவை பொங்கலுக்குச் சேலை கொடுக்க அங்கே வந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உன்னைச் சுற்றி அந்தப் பெண்கள் பண்ணிய கூத்தை வாசலில் நின்று பார்த்தேன். ஒருத்தி கையூசியில் நூல் கோர்க்க முடியாமல், நூலை நாக்கில் நனைத்து நனைத்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

"குடுத்துரு கண்ணு, நீ நாளைக்கு வரைக்கும் குத்துனாலும் நொழையாது" என்று பிடுங்கி, ஒரே கோர்ப்பில் கோர்த்துக் கொடுத்தாய்.

"பெரியக்கா, உங்க கண்ணு எனக்கு வேணுமுங்க" என்றாள் அவள்.

"எடுத்துக்க. மூக்கும் வேணுமா?" என்றாய்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாய். "வாங்க அம்மிணி, இப்பத்தான் வந்தீங்களா?" உடனே எழுந்து நின்றுவிட்டாய், மேஸ்திரி வந்த மாதிரி. சேலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நினைத்தேன், நான் ஏன் அந்த மேசையில் ஒரு சீட்டுப் பிடித்து உட்காரக் கூடாது என்று. பைத்தியந்தான்.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண் சிவந்து நீர் வடிந்து ஒரு மாதம் கஷ்டப்பட்டேன் அல்லவா, அப்போது மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். சரியானதும் வாங்கினேன். கோயிலுக்குத் துணைக்கு வந்தது நீதான். பூசாரி தட்டில் வாங்கி அம்மன் முகத்தில் ஒட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன், நீ என் காதில் வந்து சொல்கிறாய்: "சாமிக்குத்தான் ஏற்கனவே ரண்டு இருக்குதுங்களே அம்மிணி. இல்லாதவிய ஆருக்காச்சும் வெச்சா ஆவாதா?"

"வாயக் கழுவு" என்று கிள்ளினேன். நீ விபூதியைப் பூசிக்கொண்டு வெளியில் வந்து நெடுநேரம் சிரித்தாய்.

உனக்கு அடிபட்ட அன்றைக்கு நான் பழனியில் இருந்தேன். வருஷா வருஷம் போகிறதுதான். நான் மலையேறிக்கொண்டிருந்த நேரத்தில் உன் கம்பெனிக் குடோனில் அடுக்கியிருந்த துணி உருளைகள் சரிந்து உன் தலையில் விழுந்திருக்கின்றன. கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் மறுநாள் பஞ்சாமிர்த டப்பாவோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கள் வீட்டு வாசலில் உன் கொழுந்தனார் நிற்கிறார். மச்சானுடைய தம்பி. என்னைப் பார்த்ததும், "அண்ணி..." என்று உன்னைச் சொல்லித் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டு வாசலில் ஆயாம்மா கையை நீட்டி மறித்தாள்.

"ஆரும்மா நீங்க?"

நான் அஞ்சாவது படித்தவள், நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். அதைச் சொன்னால் மதிப்பாக விடுவாள் என்று, "சிஸ்டருங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சிஸ்டரா? தொப்பியெங்க, வெள்ளச் சீலையெங்க? பஞ்சாமிர்தத்தத் தூக்கிக்கிட்டு எந்த ஊரு சிஸ்டரும்மா நீங்க?"

அங்கே சிஸ்டர் என்றால் நர்ஸம்மா என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த வார்த்தையும் எனக்கு இல்லை என்று ஆயிற்று. உள்ளே போனால், அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரி உன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

நாகர்கோயில் பக்கத்துப் பெண். ஒல்லி. கழுத்தில் ஒரு சிலுவை. உன் வாயில் குழாய், குழாயில் ஒரு ரப்பர்ப் பை, அதை ஒரு கையால் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். அவள் அமுக்கினால் உன் நெஞ்சு ஏறிற்று, விட்டால் இறங்கிற்று. இன்னொரு கையால் உன் கண்மேல் இருந்த பஞ்சை எடுத்து, சொட்டு மருந்தை விட்டு, இமையை இழுத்து மூடி, புதிதாக நனைத்த பஞ்சை வைத்தாள். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள்கூட அத்தனை பதமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"நீங்க அவியளுக்கு யாரு?"

"தங்கச்சி" என்றேன். இங்கிலீஷில் சொல்லவில்லை.

"பாத்தாலே தெரியுது. நெத்தி அப்படியே இருக்கு."

எனக்கு என்ன கோபம் தெரியுமா? உன் நெற்றி எப்படி இருக்கும் என்று எனக்கு அவள் சொல்ல வேண்டுமா? முந்தின நாள் சாயங்காலம் வந்தவள் அவள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.

"எதுக்குங்க அந்தப் பஞ்சு?"

"கண்ணு சரியா மூடல பாத்தியளா. நமக்குன்னா தானா இமைச்சுக்கிடும். இவியளுக்கு நாமதான் செய்யணும். காஞ்சா புண்ணாயிரும்."

அந்தப் பையை நான் அமுக்குகிறேன் என்று கேட்டு வாங்கினேன். என் அக்கா மூச்சு என் கையில் இருக்கட்டும் என்றுதான். நான் பழனி மலை ஏறுகிற அவசரத்தில் அமுக்கினேன். "மெதுவா, மெதுவா. நீங்க ஒரு மூச்சு விடுங்க, அப்புறம் அவியளுக்கு ஒண்ணு விடுங்க" என்று என் கைமேல் கை வைத்துக் காட்டினாள். அப்புறம் வந்தது. கொஞ்ச நேரம் நான் விட்ட மூச்சைத்தான் நீயும் விட்டாய் அக்கா. அதையும் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்பது வேறு.

அடுத்த நாள் காலையில் டாக்டர் வந்தார். மெட்ராஸ்காரர், சின்ன வயசு. உன் கொழுந்தனாரையும் என்னையும் ஓரமாகக் கூப்பிட்டு, மெல்லச் சொன்னார். மூளை அடங்கிவிட்டது, இனித் திரும்பாது, நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் தானாக நின்றுவிடும். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே நின்றேன், வேறு என்ன செய்ய?

கொஞ்சம் பொறுத்து டாக்டர் சொன்னார்: "அம்மா, இந்த நேரத்துல இதக் கேக்கறதுக்கு மன்னிக்கணும். உங்க அக்கா கண்ண தானமா கொடுக்கணும்னு சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்காங்க."

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களே டாக்டர்."

"உங்ககிட்ட இல்லம்மா. சிஸ்டர்கிட்ட."

"நாந்தானுங்களே சிஸ்டரு."

அவர் கையை நீட்டி அவளைக் காட்டினார்.

வாழ்நாள் பூராவும் என்னிடம் மழை வெயில் பேசினாய், விலைவாசி பேசினாய். சாகும்போது சொல்லவேண்டிய பேச்சை எவளோ ஒருத்தியிடம் சொன்னாயா?

டாக்டர் விவரம் சொன்னார். நெஞ்சு நின்ற பிறகு சீக்கிரமே எடுக்க வேண்டும், முகம் மாறாது, கருவிழிக்குமேல் கண்ணாடி மாதிரி இருக்கிற தோலை வைத்துப் பார்வை இல்லாதவர்களுக்குப் பார்வை கொடுக்கலாம், அப்படிக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கொழுந்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணி அவங்க வாயால சொல்லியிருந்தாங்கன்னா நான் குறுக்க நிக்கலீங்க. சொல்லலீன்னா முழுசாத்தான் ஊட்டுக்குக் கொண்டுபோவோணும். கண்ணில்லாம அனுப்பிச்சா, அங்க போயி எங்கண்ணன எப்படிங்க அண்ணி அடையாளம் கண்டுபுடிப்பாங்க?"

அந்த மனுஷன் கேட்டது யாருக்கும் சிரிப்பாக இல்லை. டாக்டர்கூடக் குனிந்துகொண்டார்.

"சிஸ்டர், அவ என்ன சொன்னாள்னு அப்படியே சொல்லுங்க" என்றேன்.

பையை அமுக்கிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குச் சாயங்காலம் கொஞ்சம் நெனவு இருந்துச்சும்மா. எங்கைய பிடிச்சாவ. கண்ணு குடுத்துருன்னாவ. ரெண்டு தடவ சொன்னாவ. அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

"கண்ணக் குடுத்துருன்னாளா, கண்ணு குடுத்துருன்னாளா?"

"கண்ணு."

"நடுவுல நிறுத்துனாளா?"

யோசித்தாள். "ஆமா. கண்ணு... குடுத்துரு. அப்படித்தான்."

எனக்கு விளங்கிவிட்டது. என் நாக்கு அடங்கவில்லை.

"டாக்டர், அவ கண்ணப் பத்திச் சொல்லலீங்க. இந்தப் புள்ளயக் கூப்புட்டிருக்கறா. எங்கூர்ல சின்னவங்களக் கண்ணும்போமுங்க. எதையோ குடுன்னு கேட்டிருக்கறா, அவ்வளவுதான்."

கொழுந்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட ஆமாங்க! அண்ணிக்கு ஆரப் பாத்தாலும் கண்ணுதானுங்களே!"

அவள் செய்ததில் குற்றமில்லை. தெற்கத்திப் பெண், அவளுக்கு நம் பேச்சு எப்படித் தெரியும்? ஆனால் நான் நினைத்தேன், உன்னுடைய கடைசிப் பேச்சை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன், இனி அவளுக்கு ஒன்றுமில்லை என்று. திரும்பிப் பார்த்தால் அவள் முகம் விளக்கு ஏற்றின மாதிரி இருக்கிறது.

"அப்ப... என்னையவா கூப்பிட்டாவ? எங்க ஊருல மக்ளேம்போம். அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியுமா? பிடுங்கப் போனவள், அதைவிடப் பெரியதை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டேன். முப்பது வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததை, உன்னைப் பார்த்த ஒரு நாளில் அவள் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப என்ன குடுக்கச் சொன்னாங்க?" என்று டாக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவர் எங்களைப் பார்த்து, "அவங்க சொல்லலேன்னா அந்தப் பேச்ச விட்டுருவோம். நீங்களா நெனச்சாத் தரலாம், நான் வற்புறுத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

பேச்சு முடிந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்குத் தெரியாததா, என் மனசில் ஒரு எண்ணம் இருந்தது: கண்ணை எடுப்பதற்காகத்தான் இவள் காயாமல் பார்த்துக்கொள்கிறாள், இனிப் பஞ்சை விட்டுவிடுவாள் என்று. அவள் குனிந்து, காய்ந்த பஞ்சை எடுத்தாள். சொட்டு விட்டாள். இமையை மூடினாள். நனைத்த பஞ்சை வைத்தாள். முன்பு எப்படியோ அப்படியே.

"இனி எதுக்குங்க பஞ்சு?"

"காஞ்சா எரியுமேம்மா."

"மூளயே அடங்கிப்போச்சுன்னாரே டாக்டரு."

"அது எனக்கும் தெரியும்மா" என்றாள். கை நிற்கவில்லை. "இருந்தாலும், எரியுமோன்னு இருக்கு."

அப்போதுதான் எனக்குக் கண்மலர் ஞாபகம் வந்தது. கோயிலில் என் காதில் நீ சொன்னது. அந்தச் சிஸ்டருக்குத் தெரியாது, கம்பெனிப் பெண்களுக்குத் தெரியாது, உன் கொழுந்தனாருக்கும் தெரியாது. என் ஒருத்திக்குத்தான் தெரியும். உன் மனசு என்னவென்று அவளிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன், அது என்னிடம் அல்லவா இருந்தது?

கொழுந்தனாரைக் கூப்பிட்டு, நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "சாமிக்குத்தான் ஏற்கனவே ரண்டு இருக்குதுங்களே, இல்லாதவிய ஆருக்காச்சும் வெச்சா ஆவாதான்னு கேட்டா தம்பி. வெளையாட்டுக்குத்தான் சொன்னா. ஆனா அவ வெளையாட்டு நமக்குத் தெரியாதா?"

"பூக் கேட்டுப் பாத்தரலாமுங்களா?" என்றார்.

நான் மாடு வாங்கினாலும் பூக் கேட்கிறவள். வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று சாமி சந்நிதியில் பொட்டலம் எடுக்காமல் எங்கள் வீட்டில் ஒரு கிணறு வெட்டியதில்லை. அன்றைக்கு வேண்டாம் என்றேன். சாமியைக் கேட்டால் சாமியும் உன் பக்கம்தான் பேசும். அதோடு, அதுவும் உன்னை எனக்கு முந்திப் புரிந்துகொண்டதாக ஆகிவிடும்.

"நான் கேக்கறது வேற ஒண்ணுமில்லீங்க" என்றார் அவர். "எங்கண்ணன..."

"உங்கண்ணன் அவளக் கண்டுபுடிச்சுக்குவாரு தம்பி. அவருக்குக் கண்ணு இருக்குதில்ல?"

அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "நீங்க சொன்னாச் சரிங்க" என்றார்.

டாக்டரிடம் நானே போனேன். "எடுத்துக்குங்க. சிஸ்டர் சொன்னதுக்காக இல்லீங்க. சிஸ்டர் சொல்றேன். அவங்க இல்லீங்க, நான்." அவருக்குப் புரிந்தது. கையெழுத்து என்னுடையதுதான். கோணல் மாணலாக விழுந்தது, ஆனால் என்னுடையது.

மறுநாள் மத்தியானம் உன் நெஞ்சு தானாக நின்றது. பை என் கையில் இருந்தது. அந்தச் சிஸ்டர் நாடியைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். எங்களை வெளியில் இருக்கச் சொன்னார்கள். திரும்ப உள்ளே போனபோது நீ தூங்குகிற மாதிரி இருந்தாய், டாக்டர் சொன்னபடியே. அவள் உன் தலையை வாரிவிட்டிருந்தாள். வகிடு கோணலாக எடுத்திருந்தாள். நான் கலைத்து நேராக எடுத்தேன். அது ஒன்றாவது எனக்கு இருக்கட்டும்.

இரண்டு பேருக்கு வைத்தார்கள் என்று மட்டும் பிறகு தெரிந்தது. யாருக்கு என்று சொல்லமாட்டார்களாம். சொல்லாததே நல்லது, சொல்லியிருந்தால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பேன். இப்போதும் பஸ்ஸில், கோயிலில், சந்தையில் யாராவது என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எனக்கு உள்ளே குறுகுறு என்கிறது. அவிநாசித் தேரோட்டத்தில் ஒரு பொம்பிளை என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். நானும் முறைத்தேன். "என்னம்மா பாக்கற?" என்றேன். "உங்க சீலத் தலப்பு விளக்குல படப்போவுதுங்க" என்றாள். நீயாக இருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பாய். வடம் தொடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் கண் உலகத்தில் எதையெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னை மட்டும் பார்க்கிறதா என்று தெரியவில்லை.

எனக்கு இப்போது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. எழுதுகிற வரி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது, பொறுத்துக்கொள். கண் டாக்டரிடம் போனபோது கேட்டேன்: "பொற விழுந்த கண்ணு ஆருக்காச்சும் ஆவுமுங்களா, நான் போனதுக்கப்பறம்?" புரை உள்ளேதான் இருக்கிறது, மேலே இருக்கிற கண்ணாடிக்கு ஒன்றுமில்லை, தாராளமாக ஆகும் என்றார். வீட்டுக்கு வந்து மகன்கள் மருமகள்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "நான் கடைசில கண்ணுன்னா உங்களத்தான் கூப்புடறேன்னு வெச்சுக்குங்க. கண்ணக் குடுக்கறது தனி, அத இப்பவே சொல்லீட்டேன். எந்தச் சிஸ்டரையும் கேக்க வேண்டாம்." பெரியவன், "ஏம்மா இப்ப இந்தப் பேச்சு" என்றான். சின்ன மருமகள் மட்டும், "சரிங்கத்தை" என்றாள். அவளை நான் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறேன். அவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

இத்தனை வருஷமாக எனக்கு ஒன்றுதான் அறுத்துக்கொண்டிருக்கிறது. கண்ணு, குடுத்துரு என்றாயே, எதை? தண்ணீரா? விபூதியா? சுருக்குப்பையில் ஏதாவதா? நான் அங்கே இருந்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். பழனியில் நின்றுகொண்டு உனக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன், ஆனால் நீ கேட்டதைக் கொடுக்க அவள்தான் பக்கத்தில் இருந்தாள். அவளும் கொடுக்கவில்லை, அவளுக்குப் புரியவில்லை. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட உண்டு, சாமி மன்னிக்கட்டும்.

இரு, இரு. அவள் சொன்னதைச் சொல்லும்போது முன்பக்கத்து வார்த்தையை விட்டுவிட்டேன் அக்கா. காதில் விழுந்ததுதான். அன்றைக்கு இருந்த எரிச்சலில் அதை வைத்துக்கொள்ளவில்லை, இப்போது எழுதும்போதுதான் வருகிறது. எங்கைய பிடிச்சாவ என்பதற்கு முன்னால் அவள் சொன்னாள்: "அவிய தலைக் காயத்துக்குத் தையல் போட ஊசில நூல கோத்துட்டிருந்தேம்மா, எத்தன தடவ குத்துனாலும் நுழையவே மாட்டேன்னுச்சு. அதப் பாத்துக்கிட்டே கெடந்தாவ."